சண்டைக்கே போகாத சூரன்!

நிஜத்தில் மூலையில் கிடந்த இராட்சச டாங்கி, விளையாட்டில் வீரன் ஆனது எப்படி?

எடை 86 டன். முன்பக்கத்தில் ஓரடி கனத்துக்கு இரும்புக் கவசம். வாயைப் பிளந்து நிற்கும் 105 மில்லிமீட்டர் பீரங்கி. மற்ற டாங்கிகளுக்கு இரண்டு சங்கிலிப் பட்டைகள், இதற்கு நான்கு!

இப்படி ஓர் இராட்சச டாங்கியை அமெரிக்கா செய்தது. அதன் பெயர் டி-28. அதற்கே டி-95 என்று இன்னொரு பெயரும் உண்டு.

அது எந்தப் போரில் சண்டை போட்டது? எத்தனை கோட்டைகளை இடித்தது?

எந்தப் போருக்கும் அது போகவில்லை! எதிரியின் மீது ஒரு குண்டு கூடச் சுடவில்லை! ஒரு சுவரைக் கூட இடிக்கவில்லை!

ஆனாலும், இன்று உலகத்தின் பல நாடுகளில் இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் அந்த டாங்கியைத் தெரியும். அதன் கவசம் எவ்வளவு கனம், அதன் வேகம் எவ்வளவு என்று கேட்டால், தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். போருக்குப் போன எத்தனையோ டாங்கிகளை மறந்துவிட்டார்கள். போகாத இதை மறக்கவில்லை.

காரணம், ஒரு வீடியோ விளையாட்டு!

இது வேடிக்கையான செய்திதான். ஆனால், வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் யோசிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

ஹிட்லரின் சுவர்

முதலில், இந்த டாங்கி பிறந்த கதையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஜெர்மனியின் மேற்கு எல்லையில் ஹிட்லர் ஒரு பெரிய பாதுகாப்பு அரணைக் கட்டி வைத்திருந்தான். ஜெர்மானியர் அதை "மேற்குச் சுவர்" என்று அழைத்தார்கள். எதிரிகள் அதற்கு வைத்த பெயர், "சீக்பிரீட் கோடு".

சுவர் என்றால் வீட்டுச் சுவர் போன்றது அல்ல. சுமார் 630 கிலோமீட்டர் நீளம்! வடக்கே ஹாலந்து எல்லையில் தொடங்கி, தெற்கே சுவிட்சர்லாந்து எல்லை வரை போயிற்று. வழி நெடுகிலும் கான்கிரீட் பதுங்கு அறைகள், சுரங்கங்கள், முள்வேலிகள்.

டாங்கிகள் உள்ளே வராமல் தடுக்க, கூரிய கான்கிரீட் கட்டைகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். "டிராகன் பற்கள்" என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் மீது ஏறினால் டாங்கி சிக்கிக்கொள்ளும். நகர முடியாமல் தவிக்கும்போது, பதுங்கு அறையில் இருந்து பீரங்கி வெடிக்கும்!

இந்த அரணை உடைப்பது எப்படி? அமெரிக்க ராணுவத்தின் தளவாட நிபுணர்கள் 1943-ல் யோசித்தார்கள்.

"எந்தக் குண்டு வந்து தாக்கினாலும் அசையக் கூடாது. நேராகச் சுவருக்கு எதிரே போய் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் இருந்து சுட்டு நொறுக்க வேண்டும். அப்படி ஒரு டாங்கி வேண்டும்" என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் டி-28.

இருபது யானை கனம்!

வளர்ந்த யானை ஒன்று நான்கு டன் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த டாங்கி இருபது யானைகளுக்கு மேல் கனம்!

இவ்வளவு கனமும் ஒரே இடத்தில் அழுத்தினால் பூமி தாங்குமா? தாங்காது. சேற்றில் புதைந்துவிடும். அதனால்தான் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சங்கிலிப் பட்டைகள் வைத்தார்கள். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் இருக்கிறது அல்லவா? அதே யுக்திதான்.

ஆனால், பட்டைகள் நான்கு ஆனதும் அகலம் நாலரை மீட்டருக்கு மேல் போய்விட்டது. ரெயிலில் ஏற்ற முடியாது. குறுகிய சாலையில் போக முடியாது.

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். வெளிப்பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் கழற்றிவிடலாம். கழற்றியதை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி, டாங்கிக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகலாம்! அப்போது அகலம் சுமார் மூன்று மீட்டராகக் குறைந்துவிடும்.

நல்ல மூளை வேலைதான். ஆனால், அப்படிக் கழற்றுவதற்கு முதலில் நான்கு மணி நேரம் ஆயிற்று. நன்றாகப் பழகிய பிறகும் இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

இந்த டாங்கிக்குச் சுழலும் தலை கிடையாது. மற்ற டாங்கிகள் மேலே உள்ள கூண்டைத் திருப்பி, நாலா பக்கமும் சுடும். இதன் பீரங்கியோ உடம்போடு சேர்ந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். பக்கவாட்டில் எதிரி வந்தால், 86 டன் உடம்பையும் திருப்பியாக வேண்டும்.

எஞ்சின் எப்படி? அங்கேதான் பெரிய குறை!

அமெரிக்காவின் "பெர்ஷிங்" டாங்கியில் 500 குதிரைச் சக்தி எஞ்சின் இருந்தது. பெர்ஷிங்கின் எடை சுமார் 42 டன். அதே சக்தி உள்ள எஞ்சினைத்தான் இதற்கும் பொருத்தினார்கள். எடையோ இரண்டு மடங்கு! இரண்டு வண்டிப் பாரத்தை ஒரு ஜோடி மாட்டின் கழுத்தில் ஏற்றியது போல் ஆயிற்று.

அதனால், இதன் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிறவர் மணி அடித்துக்கொண்டே இதை முந்திப் போய்விடலாம்!

கல்யாணம் முடிந்த பிறகு மேளம்

முதலில் 25 டாங்கிகள் செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. அது ஐந்தாகச் சுருங்கியது. கடைசியில் இரண்டே இரண்டுதான் உருவாயின. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள "பசிபிக் கார் அண்ட் பவுண்டரி" என்ற தொழிற்சாலை அவற்றைச் செய்தது.

ஆனால், போர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்குமா?

1944-ம் ஆண்டு செப்டம்பரிலேயே அமெரிக்கப் படைகள் ஹிட்லரின் சுவருக்கு எதிரே வந்துவிட்டன. அக்டோபரில் ஆகன் நகரம் விழுந்தது. அமெரிக்கப் படைகள் பிடித்த முதல் பெரிய ஜெர்மன் நகரம் அதுதான்.

சுவரை உடைத்தது யார்? காலாள் வீரர்களும், பொறியாளர்களும், கையில் இருந்த சாதாரண டாங்கிகளும்தான்!

பதுங்கு அறை வரை ஊர்ந்து போய் வெடிமருந்து வைத்தார்கள். டிராகன் பற்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில இடங்களில், மண்ணைத் தள்ளும் அலகு பொருத்திய டாங்கியைக் கொண்டு, அந்தப் பற்களின் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மேட்டின் மேலேயே டாங்கிகளை ஓட்டிப் போனார்கள்!

அது சுலபமாக நடந்துவிடவில்லை. அந்த எல்லையில் ஹுர்ட்கன் காடு என்று ஒரு காடு இருக்கிறது. அங்கே நடந்த போரில், அமெரிக்கர் தரப்பில் மட்டும் 33 ஆயிரம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், காயம் பட்டார்கள், அல்லது குளிரிலும் நோயிலும் விழுந்தார்கள். ஜெர்மானியர் தரப்பிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

அவர்கள் எல்லோரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்.

1945-ம் ஆண்டு மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. "போகட்டும், ஜப்பான் மீது படையெடுக்கும்போது இந்த டாங்கி உதவும்" என்று நினைத்தார்கள். ஆகஸ்டில் ஜப்பானும் பணிந்துவிட்டது.

டி-28 எப்போது வந்தது தெரியுமா? முதல் வண்டி, 1945-ம் ஆண்டு டிசம்பரில் அபர்டீன் சோதனைத் திடலுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வண்டி, 1946-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது.

கல்யாணம் முடிந்து, பந்தலும் பிரித்து, சம்பந்திகளும் ஊருக்குப் போன பிறகு மேளம் வந்தது போல!

முட்புதரில் கிடந்த மர்மம்

அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் குழப்பம். முதலில் "டி-28 கனரக டாங்கி" என்றார்கள். சுழலும் தலை இல்லாததால், 1945-ம் ஆண்டு மார்ச் மாதம், அதை டாங்கிக் கணக்கில் இருந்து நீக்கி, "டி-95 பீரங்கி வண்டி" என்று மாற்றினார்கள். 1946-ல் மறுபடியும் பழைய எண்ணே வந்தது. இந்தத் தடவை "டி-28 மிகக் கனரக டாங்கி" என்று பட்டம் கொடுத்தார்கள்.

பெயர் மாறியது. வேலைதான் கிடைக்கவில்லை.

1947-ல் யூமா என்ற இடத்தில் சோதனை நடந்தது. அங்கே ஒரு டாங்கியின் எஞ்சினில் தீப்பிடித்தது. பலத்த சேதம். அந்த வண்டியை உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், இந்த மாதிரி இராட்சச வண்டிகளே வேண்டாம் என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டது. யானையைக் கட்டித் தீனி போட யாருக்கும் மனம் இல்லை!

மிச்சம் இருந்த ஒரே வண்டியையும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

27 ஆண்டுகள் ஓடின. 1974-ல் வர்ஜீனியா மாநிலத்தில், பெல்வாயர் ராணுவ முகாமின் பின்புறத்து வெளியில் ஏதோ ஒரு பெரிய இரும்புப் பொருள் கிடப்பதைக் கண்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், அதுதான் காணாமற்போன டி-28!

குண்டூசி தொலைந்து போகலாம். குடை தொலைந்து போகலாம். 86 டன் டாங்கி தொலைந்து போயிற்று! இத்தனை ஆண்டுகள் அது எங்கெங்கே கிடந்தது என்பது இன்னும் மர்மமாகவே இருக்கிறது.

அதைத் துடைத்து, வர்ணம் பூசி, கென்டக்கி மாநிலத்துப் பொருட்காட்சிச் சாலையில் வைத்தார்கள். பிறகு அது ஜார்ஜியா மாநிலத்துக்குப் போயிற்று. உலகத்தில் மிஞ்சியிருக்கும் டி-28 அது ஒன்றுதான்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், முடியவில்லை.

திரையில் மறுபிறவி

பெலாரஸ் நாட்டின் தலைநகர் மின்ஸ்க். அங்கே 1998-ல் தொடங்கிய "வார்கேமிங்" என்ற கம்பெனி, "வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்" என்று ஒரு விளையாட்டைச் செய்தது. 2010-ல் ரஷ்யாவிலும், 2011-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது வெளியாயிற்று. பத்துக் கோடிப் பேருக்கு மேல் அதில் பெயர் பதிவு செய்தார்கள்.

விளையாட்டு இதுதான்: இந்தப் பக்கம் 15 பேர், அந்தப் பக்கம் 15 பேர். ஆளுக்கு ஒரு டாங்கி. வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இண்டர்நெட் வழியாகச் சண்டை போடலாம். 15 நிமிடத்துக்குள் சண்டை முடிந்துவிடும்.

அதில் நம்முடைய டி-28 இருக்கிறது. எட்டாவது படியில் டி-28. ஒன்பதாவது படியில் டி-95. நிஜத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு பெயர். விளையாட்டிலோ, பெயருக்கு ஒன்றாக இரண்டு வண்டிகள்!

நிஜ டாங்கியில் இருந்தது 105 மில்லிமீட்டர் பீரங்கி. விளையாட்டில் டி-95-க்கு 155 மில்லிமீட்டர் பீரங்கி கூடப் பொருத்திக்கொள்ளலாம்!

விளையாடுகிறவர்கள் அதைச் செல்லமாக ஆமை என்று அழைக்கிறார்கள். மெதுவாக நகரும், ஆனால், நேர் எதிரே வந்து நின்றால் நடுக்கம்தான். எதிரியின் குண்டுகள் அதன் கவசத்தில் பட்டுத் தெறித்து ஓடும். அதைக் கண்டதும் ஓடி ஒளிகிறவர்கள் உண்டு. தன் பக்கம் அது இருந்தால் தைரியம் அடைகிறவர்களும் உண்டு.

நிஜத்தில் யாரும் சீந்தாத வண்டிக்கு, விளையாட்டில் இவ்வளவு மரியாதை!

எப்படி வந்தது வீரம்?

இங்கேதான் யோசிக்க வேண்டும். அதே டாங்கி, அதே கவசம், அதே ஆமை வேகம். நிஜத்தில் உதவாதது, விளையாட்டில் எப்படி உதவுகிறது?

நிஜத்தில் அதைத் தோற்கடித்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், விடை தெரிந்துவிடும்.

முதல் எதிரி, காலம். டாங்கி வந்து சேரும் முன்பே போர் முடிந்துவிட்டது. விளையாட்டில் அந்தக் கவலை இல்லை. பொத்தானை அமுக்கினால், டாங்கி போர்க்களத்தில் நிற்கும்!

இரண்டாவது எதிரி, வழி. அமெரிக்காவில் செய்த டாங்கி, கப்பல் ஏறிக் கடலைக் கடக்க வேண்டும். துறைமுகத்துத் தூக்கி அதைத் தூக்க வேண்டும். பிறகு ரெயில், சாலை, பாலம்.

பாலம் என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1945-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி, ரைன் நதியின் மேல் ரெமாகன் என்ற ஊரில் இருந்த பாலத்தை அமெரிக்கர்கள் பிடித்தார்கள். மகத்தான வெற்றி! ஆனால், பாலம் ஏற்கனவே அடிபட்டு ஆடிப்போயிருந்தது. 42 டன் பெர்ஷிங் டாங்கிகளை அதன் மேல் விடப் பயந்தார்கள். அவற்றைப் பிறகு மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். பத்தே நாளில் அந்தப் பாலம் இடிந்து நதியில் விழுந்தது. பழுது பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் பலர் உயிர் இழந்தார்கள்.

42 டன்னுக்கே இந்தப் பாடு என்றால், 86 டன் எந்தப் பாலத்தில் போயிருக்கும்?

விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை. டி-95 பாலத்தின் மேல் ஏறினால், அதன் கனத்தைக் கண்டு பாலம் முறிந்து விழுவது இல்லை!

மூன்றாவது எதிரி, பழுது. நிஜத்தில் இரண்டு பட்டைகளைக் கழற்றவே இரண்டரை மணி நேரம் என்று பார்த்தோம். விளையாட்டில் பட்டை அறுந்து போனால், சில விநாடிகளில் தானே சரியாகிவிடும். அதற்கும் பொறுமை இல்லாவிட்டால், பழுது பார்க்கும் பெட்டி ஒன்று உண்டு. ஓர் அமுக்கு அமுக்கினால் போதும்!

நான்காவது, மனிதன். நிஜ டி-28-க்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். வெளியே சுடுகிறார்கள், உள்ளே இரைச்சல், புகை, வெப்பம். தீப்பிடித்தால் தப்புவது அவரவர் பாக்கியம்.

விளையாட்டில் டாங்கிக்குள் இருப்பவருக்குக் காயம் பட்டால், முதலுதவிப் பெட்டி இருக்கிறது. அமுக்கினால் காயம் ஆறிவிடும். டாங்கியே எரிந்து கரியானாலும், அடுத்த சண்டைக்குப் புதிதாக வந்து நிற்கும். போர்க்களத்தில் காலாள் வீரன் ஒருவன் கூடக் கிடையாது. ரத்தம் கிடையாது. அழுகை கிடையாது. தந்தி வந்த வீடு கிடையாது.

ஆக, விளையாட்டு அந்த டாங்கியைப் பலசாலி ஆக்கவில்லை. அதைத் தோற்கடித்த காலத்தையும், சாலையையும், பழுதையும், சாவையும் எடுத்துவிட்டது. அவ்வளவுதான்! இவற்றை எடுத்துவிட்டால், எந்த முட்டாள்தனமும் வீரமாகத்தான் தெரியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரையில் காய்த்த சுரைக்காயும் அப்படித்தான்.

அமெரிக்காவுக்கு மட்டுமா?

இந்தப் புத்தி அமெரிக்காவுக்கு மட்டும் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

ஹிட்லரின் ஜெர்மனி "மவுஸ்" என்று ஒரு டாங்கி செய்தது. மவுஸ் என்றால் சுண்டெலி! சுண்டெலியின் எடை 188 டன். அதிலும் உருவானவை இரண்டே இரண்டுதான். இன்று அதன் உடல் ரஷ்யாவின் பொருட்காட்சிச் சாலையில் நிற்கிறது. பிரிட்டனும் "டார்டாய்ஸ்", அதாவது ஆமை என்று ஒரு வண்டி செய்தது. ஆறு வண்டிகள் செய்தார்கள். ஒன்று கூடப் போருக்குப் போகவில்லை.

இந்த மூன்றும் அந்த விளையாட்டில் இருக்கின்றன. மூன்றும் அங்கே சூரர்கள்!

உண்மையில் அமெரிக்காவுக்குக் கைகொடுத்த டாங்கி எது? "ஷெர்மன்" என்ற நடுத்தர டாங்கி. கவசம் பிரமாதம் அல்ல; பீரங்கியும் பிரமாதம் அல்ல. ஆனால், கப்பலில் ஏறும், பாலத்தில் போகும், கெட்டால் சீக்கிரம் பழுது பார்க்கலாம். அதைப் போல 49 ஆயிரத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். இரண்டு இராட்சசர்கள் செய்ய முடியாததை, ஆயிரக்கணக்கான சாதாரண வண்டிகள் செய்தன.

பெரிதாக இருப்பது பெருமை அல்ல. வேளைக்கு உதவுவதுதான் பெருமை. இதைத்தான் டி-28 சொல்லுகிறது. ஆனால், விளையாட்டு இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. "கனமாக இரு, கவசத்தைக் கூட்டு, பெரிய பீரங்கி வாங்கு, ஜெயிப்பாய்!" என்கிறது.

தடை போட்டால் தீருமா?

"அப்படியானால், இந்த விளையாட்டுகளை எல்லாம் தடுத்துவிட வேண்டியதுதான்!" என்று சிலர் சொல்லலாம்.

அது சரி அல்ல. சதுரங்கத்தில் கூட யானை உண்டு, குதிரை உண்டு, மந்திரி உண்டு, வெட்டு உண்டு. அதை விளையாடியவர்கள் எல்லோரும் அரிவாள் எடுத்துக்கொண்டா அலைகிறார்கள்? பிள்ளைகள் விளையாடத்தான் செய்வார்கள். விளையாடட்டும்.

இன்னும் சொல்லப்போனால், இந்த விளையாட்டு ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. அது இல்லாவிட்டால், டி-28 என்ற பெயரே ராணுவ நிபுணர்களுக்குள் அடங்கிப் போயிருக்கும். திரையில் பார்த்த ஆசையில், நிஜக் கதையைத் தேடிப் படித்தவர்கள் உண்டு. விளையாட்டு ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனால், சரித்திரம் இருக்கிறது.

"அப்படியானால் சரி, விளையாட்டிலேயே பையன் சரித்திரம் படித்துக்கொள்கிறான்" என்று சும்மா இருந்துவிடுவதும் தவறு. கதவைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றால், வீட்டுக்குள் போனதாக ஆகுமா?

இன்னொரு சங்கதியும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விளையாட்டைச் சேர்ந்து விளையாடக் காசு வேண்டாம்; இலவசம். ஆனால், உள்ளே "தங்கம்" என்று ஒன்று விற்கிறார்கள். அது நிஜத் தங்கம் அல்ல. வாங்குவதற்குக் கொடுக்கும் பணம் மட்டும் நிஜம்! அந்தத் தங்கத்தைக் கொடுத்தால், சில டாங்கிகளை வாங்கலாம். படிகளைச் சீக்கிரம் ஏறலாம். கையில் இருக்கும் கருவியில் அப்பாவின் பாங்கிக் கணக்கும் சேர்ந்திருந்தால், கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவம் டி-28-க்குச் செலவழித்தது போல், குடும்பமும் வெறும் டாங்கிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை!

விளையாட்டை நிறுத்திய போர்

விளையாட்டுப் போர் வேறு. நிஜப் போர் வேறு. இதை அந்த விளையாட்டைச் செய்த கம்பெனியே அனுபவத்தில் கண்டது.

வார்கேமிங் கம்பெனிக்கு மின்ஸ்க் நகரில் பெரிய அலுவலகம் இருந்தது. உக்ரைனின் தலைநகரான கீவிலும் அலுவலகம் இருந்தது. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில், ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. நிஜ டாங்கிகள்! நிஜக் குண்டுகள்!

டாங்கிச் சண்டையை விளையாட்டாகச் செய்து கொடுத்த கம்பெனியின் ஊழியர்கள் வேலை செய்த ஊரிலேயே, அபாயச் சங்கு ஒலித்தது. ஏப்ரலில் அந்தக் கம்பெனி ரஷ்யாவையும் பெலாரஸையும் விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. அந்த நாடுகளில் நடந்த விளையாட்டு வேறு கைக்குப் போயிற்று. நேற்று வரை ஒரே திடலில் சேர்ந்து விளையாடியவர்கள் பிரிந்து போனார்கள்.

அங்கே, எரிந்த டாங்கி அடுத்த சண்டைக்குப் புதிதாக வந்து நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எழுந்து வரவில்லை. முதலுதவிப் பெட்டியை அமுக்கினால் காயம் ஆறிவிடவில்லை.

ஒரு சின்னக் கேள்வி

பெற்றோர் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு டாங்கிக்கும் பக்கத்தில், அதன் கதை நாலு வரியில் எழுதியிருக்கிறது. எப்போது செய்தார்கள், எத்தனை செய்தார்கள் என்று அதில் இருக்கும். பிள்ளைகள் அதைப் படிப்பது இல்லை. கண் முழுவதும் "சண்டை" என்ற பொத்தானின் மேலேயே இருக்கும்.

அந்த நாலு வரியைப் படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ அந்த மொழி தெரியாவிட்டால் என்ன? "அதில் என்ன போட்டிருக்கிறது? எனக்குச் சொல்லு" என்று கேட்டால், பிள்ளை படித்துத்தான் ஆக வேண்டும். படித்ததைத் தாய்மொழியில் சொன்னால், அது மனத்தில் நிற்கும். படிப்பு என்பது இதுதான். பக்கத்தில் இருக்கும் எழுத்தைத் தாண்டிப் போகாமல் இருப்பது!

அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: "இது நிஜத்தில் என்ன ஆயிற்று?"

டி-28 என்றால், பதில் இப்படி வரும்: "போர் முடிந்த பிறகு வந்தது. ஒன்று தீப்பிடித்தது. ஒன்று தொலைந்து போயிற்று. சண்டையே போடவில்லை."

மவுஸ் என்றால்? டார்டாய்ஸ் என்றால்? ஷெர்மன் என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். அந்தக் கதையில் தொழிலாளி வருவான், பாலம் வரும், பணம் வரும், திரும்பி வராத பிள்ளைகள் வருவார்கள். விளையாட்டில் இல்லாதவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியில் வந்துவிடுவார்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். விளையாட்டின் இன்பம் கெடாது. டாங்கி எப்படி ஓடுகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, போர் என்றால் என்ன என்பதும் தெரிந்துவிடும்.

ஜார்ஜியா மாநிலத்தில் நிற்கும் அந்தக் கிழட்டு டாங்கி, திரையில் ஆயிரம் ஆயிரம் டாங்கிகளை நொறுக்கிவிட்டது. ஆனால், அதன் உண்மையான பெருமை வேறு.

அதன் பீரங்கியால் ஒரு தாயும் பிள்ளையை இழக்கவில்லை. ஒரு டாங்கிக்கு இதைவிட நல்ல பெயர் வேறு என்ன வேண்டும்?